மலைக்குள் போகும் உரிமையும் மலையில் ஏறும் முறையும்

கேள்வி இதுதான்: “சில வருடங்களாக ட்ரெக்கிங் போகிறேன். அடுத்து கயிறும் பனிக்கோடரியுமாக உண்மையான மலையேற்றத்துக்கு வர ஆசை. ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒரு நாட்டில் யார் வேண்டுமானாலும் எங்கும் நடக்கலாம் என்கிறார்கள். இன்னொரு நாட்டில் மலையே மூடிக் கிடக்கிறது. எவரெஸ்ட் ஏறியவரை ஊரே கொண்டாடுகிறது, மலையேறிகள் மட்டும் ‘எப்படி ஏறினார்?’ என்று கேட்கிறார்கள். பாறையில் போல்ட் அடித்த ஒரு விவகாரம் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. இந்த விதிகளெல்லாம் எங்கிருந்து வருகின்றன? நான் எங்கே தொடங்க வேண்டும்?”

அனுமதி ஒரு பக்கம், ஏறும் முறை பற்றிய சண்டை இன்னொரு பக்கம் என்று இவை தனித்தனி விஷயங்களாகத் தெரியும். கொஞ்ச காலம் இந்த வட்டத்துக்குள் இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று புரிந்துவிடும். மலையில் காவலுக்கு ஆள் கிடையாது. ஏறுகிறவர்கள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் திறந்திருக்கின்றன. அது நடக்காத இடத்தில் கடைசியில் யாராவது வந்து பூட்டுப் போடுகிறார்கள். உங்களைக் குழப்புகிற விதிகளில் பாதி இந்த அனுபவத்திலிருந்து வந்தவை.

முதலில் உரிமையைப் பார்ப்போம். மலைகளில் சுதந்திரமாக நடப்பது காலம்காலமாக இருந்துவந்த வழக்கம் என்று நினைக்கிறோம். பல இடங்களில் அது போராடி வாங்கியது. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் கிண்டர் ஸ்கவுட் என்றொரு மேட்டு நிலம் இருக்கிறது. உயரம் 636 மீட்டர்தான். மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிடக் கிடைக்கக்கூடிய ஒரே பெரிய வெளி. ஆனால் பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அதை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற இளைஞரின் தலைமையில் சில நூறு பேர் தடையை மீறி மேலே ஏறினார்கள். வேட்டைக் காவலர்களோடு தள்ளுமுள்ளு நடந்தது, ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்தத் தண்டனைதான் பொதுமக்களை அவர்கள் பக்கம் திருப்பியது. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமை சட்டமாக 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2002-இல், அந்தப் போராட்டத்தின் எழுபதாம் ஆண்டில், அன்று நிலத்தை அடைத்து வைத்திருந்த பிரபுவின் பேரன் பொது மேடையில் மன்னிப்புக் கேட்டார். மலையேற்ற வரலாறு என்றால் சிகரங்களின் பட்டியல் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நார்வே வேறு மாதிரி. காடும் மலையும் எல்லாருக்கும் பொது என்ற பழைய வழக்கத்தை அங்கே 1957-இல் சட்டமாக எழுதி வைத்தார்கள். பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம். ஆனால் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளிப் போட வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவு வரை காட்டையொட்டி நெருப்பு மூட்டக்கூடாது. உரிமையும் கடமையும் ஒரே சட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வரிகளாக இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். பொறுப்போடு நடந்துகொள்கிறவருக்கே நடக்கும் உரிமை என்று அதில் தெளிவாக இருக்கிறது. அது வெறும் அலங்கார வரி இல்லை என்பதற்கு லாக் லோமண்ட் ஏரிக்கரையே சாட்சி. குப்பை, வெட்டிய மரங்கள், கரிந்த புல்தரை எல்லாம் அளவுக்கு மீறிப் போனதால், 2017 முதல் மார்ச் தொடங்கி செப்டம்பர் வரை அங்கே பல கரைகளில் அனுமதி வாங்கித்தான் கூடாரம் போட முடியும். ஐரோப்பாவிலேயே தாராளமான சட்டங்களில் ஒன்று இருக்கும் நாட்டில், ஒரு சிலரின் அலட்சியத்தால் எல்லாரும் இழந்த உரிமை அது.

இதைவிடப் பெரிய இழப்பு இந்திய இமயமலையின் நந்தாதேவி. 7816 மீட்டர் உயரச் சிகரம். அதைச் சுற்றி வளையமாக மலைச்சுவர். உள்ளே போக ரிஷி கங்கையின் பிளவு ஒன்றுதான் வழி. 1934-இல் எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் ஆங்தார்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களோடு அந்தப் பிளவு வழியே முதல்முறையாக உள்ளே போனார்கள். ஐந்து பேர், சொற்ப சாமான். 1936-இல் டில்மனும் நோயல் ஓடெலும் உச்சியைத் தொட்டார்கள். அப்புறம் 1970-களில் குழுக்கள் வரிசையாக வந்தன, கூடவே நூற்றுக்கணக்கில் சுமையாட்களும். விறகுக்காக மரங்கள் போயின, முகாம்களில் குப்பை குவிந்தது, விலங்குகள் வேட்டையாடப்பட்டன. 1982-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்து, 1983-இல் உட்பகுதியை மூடிவிட்டார்கள். நாற்பது வருடம் ஆகியும் அந்த வளையத்துக்குள் மலையேறிகளுக்கு வழி இல்லை. அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷிப்டன், டில்மன் போன பாணியிலேயே எல்லாரும் போயிருந்தால் மூட வேண்டிய தேவையே வந்திருக்காது என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

சில மலைகள் மூடியிருப்பதற்குக் காரணம் குப்பை இல்லை, நம்பிக்கை. கஞ்சன்ஜங்கா சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். 1955-இல் சார்லஸ் எவான்ஸ் தலைமையில் போன குழு, உச்சியை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் மன்னருக்கு வாக்குக் கொடுத்தது. மே 25 அன்று ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் சில அடி தூரத்தில் நின்றுவிட்டார்கள். மறுநாள் போன இருவரும் அதே இடத்தில் நின்றார்கள். உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம், அதுவரை யாரும் தொடாதது, கண்ணெதிரே எளிதான சரிவு, பார்க்க யாரும் இல்லை. அப்படியும் நின்றார்கள். அந்த ஏற்றத்தை முழு வெற்றி என்றே மலையேற்ற உலகம் கணக்கில் வைத்திருக்கிறது. பிறகு வந்தவர்களில் பலரும் அந்தச் சில அடியை விட்டுவிடுகிறார்கள்.

பூட்டான் இன்னும் உறுதியாக இருக்கிறது. 2003 முதல் அங்கே மலையேற்றத்துக்கே தடை. அதனால் 7570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புயென்சும், உலகில் யாரும் ஏறாத மிக உயர்ந்த சிகரமாக நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏற வேண்டாம் என்று அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடிவாரத்தில் பலகைகூட வைத்திருந்தார்கள். கேட்டவர்கள் விலகினார்கள், கேட்காதவர்கள் ஏறினார்கள். 2019 அக்டோபர் 26 முதல் சட்டப்படியே மூடியாகிவிட்டது. அமெரிக்காவின் டெவில்ஸ் டவர் என்ற பாறைக் கோபுரத்தில் 1995 முதல் ஜூன் மாதம் முழுக்க ஏற வேண்டாம் என்று ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அது பூர்வகுடி மக்களின் சடங்குக் காலம். மீறினால் தண்டனை எதுவும் கிடையாது. பெரும்பாலான மலையேறிகள் அதை மதிக்கிறார்கள், அதனால் மீதிப் பதினொரு மாதமும் பாறை திறந்திருக்கிறது. ‘மலை யாருக்கும் சொந்தமில்லை’ என்ற வாதத்தை இணையத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அந்த வாதம் பெரும்பாலும் வெளியூர்க்காரர் வாயிலிருந்துதான் வருகிறது.

பறவைகளுக்காகவும் பாறை மூடுவார்கள். வல்லூறு கூடு கட்டும் வசந்த காலத்தில் குறிப்பிட்ட பாறை முகங்களில் மட்டும் சில மாதம் ஏறத் தடை இருக்கும். குஞ்சு பறந்ததும் தடை விலகும். இது பல நாடுகளில் வழக்கம். மலையேறிகளே கூட்டைக் கவனித்து வனத்துறைக்குச் சொல்லி, மூட வேண்டிய இடத்தைச் சுருக்கிக் குறித்துக் கொடுத்த இடங்களும் உண்டு. மொத்தப் பாறையையும் மூடுவதற்குப் பதில் ஒரு மூலையை மட்டும் மூடினால் போதும் என்று அதிகாரிகளை ஒப்புக்கொள்ள வைக்க, அந்தப் பாறையை அறிந்தவர்களால்தான் முடியும்.

இனி ஏறும் முறை. ‘எப்படி ஏறினார்?’ என்ற கேள்வி அகங்காரத்திலிருந்து வருவதாக உங்களுக்குப் படுகிறது என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. பாறைப் பிளவில் பிட்டான் என்ற இரும்பு ஆணியை அடிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? சுத்தியல் அடிக்கு அடி ஒலி ஏறிக்கொண்டே போகும். கணீரென்ற உச்ச ஒலி வந்தால் ஆணி நன்றாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் அதை இடமும் வலமும் அடித்து ஆட்டிக் கழற்றுவார். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பிளவின் உதடு கொஞ்சம் உடையும். அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற தடங்களில் ஆயிரக்கணக்கானோர் இப்படி அடித்துக் கழற்றியதில், விரல் நுனி நுழையாத பிளவுகள் விரல் முழுக்க நுழையும் குழிகளாகிவிட்டன. 1960-களில் ராயல் ராபின்ஸ் போன்ற அமெரிக்க மலையேறிகள் பிரிட்டனில் பழகிய வழியைக் கொண்டுவந்தார்கள். பிளவு குறுகும் இடத்தில் உலோகக் கட்டையைக் கையால் சொருகி, பின்னால் வருகிறவர் கையாலேயே எடுத்துவிடும் முறை. நட் என்று சொல்வார்கள். 1972-இல் மலையேற்றக் கருவிகள் செய்து விற்ற இவோன் ஷ்வினார்டும் டாம் ஃப்ராஸ்டும் தங்கள் விற்பனைப் பட்டியலிலேயே பிட்டானை விட்டுவிடச் சொல்லி எழுதினார்கள். அவர்கள் வியாபாரத்தின் முதுகெலும்பே அப்போது பிட்டான்தான். சில வருடங்களில் அமெரிக்கப் பாறைகளில் சுத்தியல் சத்தம் அநேகமாக அடங்கிவிட்டது. அதற்கு எந்த அரசாங்கமும் சட்டம் போடவில்லை.

இப்படி ஒவ்வொரு பாறைக்கும் ஒரு வழக்கம் இருக்கும். ஜெர்மனியின் எல்பே மணற்கல் கோபுரங்களில் உலோக நட்டுக்கு அனுமதி இல்லை. முடிச்சுப் போட்ட துணிக் கயிறுகளைப் பிளவில் சொருகித்தான் பாதுகாப்பு தேட வேண்டும். வியர்வை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக்பொடியைக் கையில் பூசக்கூடாது. மழை பெய்து பாறை நனைந்திருந்தால் அன்று ஏறவே கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் வீம்பு போல இருக்கும். மென்மையான மணற்கல் உலோகம் பட்டால் உடைகிறது, ஈரமானால் வலு இழக்கிறது. ஒரு பிடி உடைந்தால் அந்தத் தடம் நிரந்தரமாக மாறிவிடும். நூறு வருடத்துக்கு மேலாக ஏறிக்கொண்டிருக்கும் கோபுரங்கள் இன்னும் முழுசாக நிற்கின்றன என்றால் அந்த வழக்கங்கள்தான் காரணம். புது இடத்துக்குப் போனால் முதலில் அங்கிருப்பவர்களிடம் ‘இங்கே வழக்கம் என்ன?’ என்று கேட்டுவிடுங்கள்.

நீங்கள் சொன்ன போல்ட் விவகாரம் நடந்தது தென் அமெரிக்காவின் தென்கோடியில், படகோனியாவின் செர்ரோ தோர்ரே சிகரத்தில். இத்தாலியரான செசரே மேஸ்திரி, 1959-இல் டோனி எக்கரோடு அதன் உச்சியைத் தொட்டதாகச் சொன்னார். இறங்கும்போது எக்கர் பனிச்சரிவில் இறந்துபோனார், கேமராவும் அவரோடு போய்விட்டது. மேஸ்திரி விவரித்த தடத்தில் அவர் சொன்ன அடையாளங்கள் எதுவும் பின்னால் போனவர்களுக்குக் கிடைக்கவில்லை. சந்தேகம் வலுத்தது. அதற்குப் பதில் சொல்வது போல 1970-இல் பெட்ரோலில் ஓடும் கம்ப்ரசர் எந்திரத்தைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு போய், தென்கிழக்கு விளிம்பில் நூற்றுக்கணக்கான போல்ட்களை வரிசையாக அடித்தார். உச்சியில் குடை போல உட்கார்ந்திருக்கும் பனியில் அப்போதும் ஏறவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத முதல் ஏற்றம் 1974-இல் காசிமிரோ ஃபெராரியின் குழுவுடையது. மேஸ்திரியின் போல்ட்களோ அங்கேயே இருந்தன. நல்ல பிளவுக்குப் பக்கத்திலேயே, தேவையே இல்லாத இடத்தில்கூட.

2012 ஜனவரியில் ஹேடன் கென்னடி, ஜேசன் க்ரூக் என்ற இரு இளைஞர்கள் மேஸ்திரியின் போல்ட் வரிசையைத் தொடாமல் அந்த விளிம்பில் ஏறினார்கள். இறங்கும்போது சுமார் 120 போல்ட்களை உடைத்து எடுத்துவிட்டார்கள். அடிவாரத்து எல் சால்டென் ஊர் கொதித்தது. அவர்களைப் போலீஸ் பிடித்து விசாரித்தது. சில நாட்களில் ஆஸ்திரிய மலையேறி டேவிட் லாமா அதே பக்கத்தைச் செயற்கைப் பிடிமானம் இல்லாமல், கையாலும் காலாலும் மட்டுமே ஏறிக் காட்டினார். போல்ட் இல்லாமலும் அந்த மலையில் ஏற முடியும் என்று தெரிந்துபோனது. என் கருத்தைச் சொல்கிறேன்: அந்தப் போல்ட்களை எடுத்தது சரி. எடுத்த விதத்தில் ஒரு குறை உண்டு. அந்த மலையோடு வாழ்கிறவர்களிடம் முதலில் பேசியிருக்க வேண்டும். அடித்தவரும் கேட்கவில்லை, எடுத்தவர்களும் கேட்கவில்லை.

எவரெஸ்ட் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பெரிய மலையில் ஏற இரண்டு வழி உண்டு. ஒன்று, முகாமுக்கு மேல் முகாம் அமைத்து, வழி முழுக்க நிலையான கயிறு கட்டி, சுமையை மேலும் கீழுமாகப் பலமுறை ஏற்றி இறக்கி மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பது. முற்றுகை பாணி என்பார்கள். இன்னொன்று ஆல்ப்ஸ் பாணி. இரண்டு மூன்று பேர், முதுகில் இருப்பது மட்டுமே சாமான், ஒரே மூச்சில் ஏறி இறங்குவது. 1975-இல் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹேபலரும் 8080 மீட்டர் உயரமுள்ள காஷர்ப்ரும் 1-ஐ அப்படி ஏறி, எட்டாயிரம் மீட்டர் மலைகளிலும் அது சாத்தியம் என்று காட்டினார்கள். 1978 மே 8 அன்று அதே இருவர் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. மனித உடல் தாங்காது என்று மருத்துவர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1980-இல் மெஸ்னர் தனி ஆளாகவே ஏறினார்.

சிலிண்டர் வைத்து, கட்டிய கயிற்றைப் பிடித்து ஏறுவது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அதுவும் கடுமையான உழைப்புதான், ஆபத்தும் உண்டு. எப்படி ஏறினேன் என்பதை மறைத்தால்தான் அது ஏமாற்று. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: கயிற்றைக் கட்டியது யார்? எவரெஸ்ட் வழியில் இருக்கும் கும்பு பனி அருவியில் ஏணி வைப்பதும், சிலிண்டரும் கூடாரமும் சுமப்பதும் ஷெர்பாக்களும் மற்ற நேபாளத் தொழிலாளர்களும். வாடிக்கையாளர் அந்த ஆபத்தான பகுதியை ஒரு சில முறை கடக்கிறார். சுமப்பவர் ஒரே பருவத்தில் திரும்பத் திரும்பக் கடக்கிறார். 2014 ஏப்ரல் 18 அன்று பனிக்கட்டி சரிந்து அங்கே இறந்த 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். ‘நான் எவரெஸ்ட் ஏறினேன்’ என்ற வாக்கியத்தில் இவர்களுக்கு இடம் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். 2021 ஜனவரி 16 அன்று பத்து நேபாளிகள் உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே-2-வின் உச்சியைக் குளிர்காலத்தில் முதல்முறையாக அடைந்தபோது, முன்னால் போனவர்கள் உச்சிக்குச் சில மீட்டர் கீழே காத்திருந்து, எல்லாரும் சேர்ந்து கடைசி அடியை வைத்தார்கள். காலமெல்லாம் அடுத்தவருக்குக் கயிறு கட்டியவர்கள் அன்று தங்களுக்காகவே கட்டியிருந்தார்கள். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

மலையேற்றக் கலாசாரம் என்று சொல்வதில் இன்னும் இரண்டைச் சேர்ப்பேன். ஒன்று, ஆபத்தில் இருப்பவருக்காகத் தன் ஏற்றத்தை விட்டுவிடுவது. 2018 ஜனவரியில் எலிசபெத் ரெவோல் என்ற பிரெஞ்சு மலையேறி, பாகிஸ்தானின் நங்க பர்வதத்தில் உறைபனியில் சிக்கிக்கொண்டார். அவரோடு ஏறிய தோமாஸ் மாட்ஸ்கெவிச் மேலேயே கண் தெரியாமல் முடங்கிவிட்டார். அப்போது கே-2-வின் குளிர்கால முதல் ஏற்றத்துக்காகக் காத்திருந்த போலந்துக் குழுவினர் தங்கள் திட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஹெலிகாப்டரில் வந்தார்கள். டெனிஸ் உருப்கோவும் ஆடம் பியலெட்ஸ்கியும் இருட்டில், பிரமிக்க வைக்கும் வேகத்தில் இரவெல்லாம் ஏறி ரெவோலை எட்டிப் பிடித்துக் கீழே கொண்டுவந்தார்கள். மாட்ஸ்கெவிச்சை மீட்க முடியவில்லை. கே-2-வின் குளிர்கால முதல் ஏற்றம் அந்தக் குழுவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இன்னொன்று, குடில். ஆல்ப்ஸில் பல மலைக்குடில்களில், பராமரிப்பாளர் இல்லாத மாதங்களிலும் ஓர் அறையைப் பூட்டாமல் விடுவார்கள். ஸ்காட்லாந்தின் பழைய மேய்ச்சல்காரர் வீடுகளை, போத்தி என்பார்கள், 1965-இல் தொடங்கிய ஒரு சங்கம் தொண்டர்களை வைத்தே பழுதுபார்த்துத் திறந்து வைக்கிறது. உள்ளே போனால் பெரும்பாலும் காய்ந்த விறகு கொஞ்சம், சுவரோரம் ஒரு துடைப்பம், மேசையில் ஒரு நோட்டு. எங்கிருந்து வந்தோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று அதில் எழுதுவது வெறும் நினைவுக்கு மட்டும் இல்லை. நீங்கள் திரும்பாவிட்டால் தேடி வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். கிளம்பும்போது தரையைக் கூட்டி, அடுப்பை அணைத்து, அடுத்து நனைந்துகொண்டு வரப்போகிறவருக்கு விறகு வைத்துவிட்டுப் போக வேண்டும். இதைச் செய்கிறவர்கள் இருக்கும் வரைதான் கதவு பூட்டாமல் இருக்கும்.

சரி, எங்கே தொடங்குவது? ட்ரெக்கிங் உங்களுக்குக் கால்வலுவையும் மழையில் கூடாரம் போடும் பொறுமையையும் கொடுத்திருக்கும். அது பெரிய முதல். பனியாறு என்பது அதற்கு அடுத்த உலகம். மேலே இருக்கும் பனிப்பரப்பு தரை மாதிரி தெரியும், அடியில் பிளவுகள் இருக்கும். இரவு இரண்டு மணிக்கே கிளம்புவது, பனிப் பாலங்கள் உறைந்து இறுகியிருக்கும்போதே கடந்துவிடத்தான். மூன்று பேர் ஒரே கயிற்றில், சுமார் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில் நடப்பார்கள். கயிறு தொங்கவும் கூடாது, முன்னால் போகிறவரை இழுக்கவும் கூடாது. நடுவில் மட்டும் பனியை லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். தலைவிளக்கின் வெளிச்சத்தில் பனியில் நீளமாக ஒரு மெல்லிய பள்ளம், பக்கத்துப் பனியைவிடச் சற்று மங்கலாகத் தெரிந்தால் நின்றுவிட வேண்டும். குச்சியால் குத்திப் பார்த்து, பிளவுக்குக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும். முன்னால் இருப்பவர் நின்றால் பின்னால் இருப்பவரும் அந்தக் கணமே நிற்க வேண்டும். நெருங்கி வந்து என்ன என்று பார்த்தால் கயிறு தளர்ந்துவிடும், அதனால் விழுகிறவர் இன்னும் ஆழமாக விழுவார். இதையெல்லாம் உடம்பு பழகுகிற வரை வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

அதனால் முதல் செலவைச் சிகரத்துக்குச் செய்யாமல் பயிற்சிக்குச் செய்யுங்கள். சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் தகுதி பெற்ற ஒருவரிடமோ, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்திலோ ஓர் அடிப்படைப் பயிற்சி முடித்துவிடுங்கள். பனிக்கோடரியால் சறுக்கலை நிறுத்துவது, பிளவில் விழுந்தவரைக் கப்பி முறையில் மேலே இழுப்பது, முடிச்சுகளைக் கையுறையோடு போடுவது, இந்த மூன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். சறுக்கலை நிறுத்தும் பயிற்சியைக் கீழே சமதளமாக முடியும் சரிவில், காலில் க்ராம்பான் (காலணிக்கு அடியில் மாட்டும் முள்சட்டம்) இல்லாமல்தான் செய்வார்கள். க்ராம்பான் முள் பனியில் மாட்டினால் கணுக்கால் போய்விடும். அவசரத்தில் அதைக் கழற்றாமல் செய்யச் சொல்லும் இடமாக இருந்தால் அங்கே சேராதீர்கள்.

உயரத்தில் அவசரம் வேண்டாம். 3000 மீட்டருக்கு மேல் போனபின், ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு. தலைவலி வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துவிட்டால் மருந்தும் சிலிண்டரும் நேரத்தைத்தான் வாங்கித் தரும், காப்பாற்றுவது இறக்கம்தான். பனிச்சரிவுக்கும் இதே மாதிரி ஒரு எண்ணை நினைவில் வையுங்கள். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகள்தான் பெரும்பாலும் சரிகின்றன. ஏறுவதற்கு நமக்கு ஆசை வரும் சரிவும் அதே சாய்வுதான். புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். அதற்குள் ஹெலிகாப்டர் வராது, கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். அதனால் குழுவில் ஒவ்வொருவரிடமும் புதைந்த இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியும் தேடும் கம்பும் மண்வாரியும் இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தப் பழகியும் இருக்க வேண்டும்.

மலைகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மார்மொலாடாவில் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து 11 பேர் இறந்தார்கள். அது எல்லாரும் போகும் சாதாரணத் தடத்துக்கு மேலே நடந்தது. பாறையை ஒட்டவைத்திருந்த உறைபனி இளகுவதால், முன்பு கோடையில் ஏறிய ஆல்ப்ஸ் தடங்கள் சிலவற்றைக் கோடையில் தவிர்க்கச் சொல்கிறார்கள். பழைய வழிகாட்டிக் குறிப்பில் ‘எளிது’ என்று இருப்பதை அப்படியே நம்பாமல், அந்த வாரம் அங்கே போய் வந்தவரிடமோ குடில் பராமரிப்பாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மலையாக ஆல்ப்ஸ் தரவரிசையில் ஃபசில் (எளிது) அல்லது ப்யூ டிஃபிசீல் (சற்றே கடினம்) என்று குறிக்கப்படும் ஒன்று போதும். வேறு நாட்டு மலையானால் அதற்கு இணையான எளிய பனியாற்றுத் தடம். தேர்ந்தெடுத்ததும் மூன்றை விசாரியுங்கள். நிலம் யாருடையது, எந்த மாதங்களில் எந்தப் பகுதி மூடியிருக்கும், மனிதக் கழிவை என்ன செய்வது. கடைசியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அலாஸ்காவின் 6190 மீட்டர் டெனாலிக்குப் போகிறவர்களுக்குப் பூங்கா நிர்வாகமே மூடிபோட்ட டப்பா கொடுத்து, அதைச் சுமந்து வரச் சொல்கிறது. பனியாற்றில் புதைத்தது அங்கேயே இருந்துவிடாது, பனியோடு நகர்ந்து என்றாவது கீழே வெளிவரும். குடிக்கும் தண்ணீரை அதே பனியை உருக்கித்தான் எடுக்கிறோம்.

அப்புறம், கயிற்றுத் துணை. பயிற்சியில் உங்களோடு பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். வேகமாக ஏறுகிறவர் முதலில் கண்ணில் படுவார். அவரை விட்டுவிட்டு, மாலையில் எல்லாரும் களைத்து உட்கார்ந்தபின் நனைந்த கயிற்றை உதறிச் சுற்றி வைக்கிறவர் யார், வானிலை கெட்டபோது ‘திரும்பலாம்’ என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவர் யார் என்று பாருங்கள். பயிற்சி முடிவதற்குள் அவரிடம் பேசி, அடுத்த பருவத்துக்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்.